மீனுக்கு வலிப்பு வருமா? சீப்ரா மீன் வாங்க வந்த பிள்ளை சொன்ன விஷயம்

வண்ணார்பேட்டை மீன்காரன் எழுதியது:

வணக்கம் மக்கா. வண்ணார்பேட்டையில் சின்னதாக ஒரு வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறேன், பதினாறு வருஷம் ஆகிறது. போன வாரம் பாளையங்கோட்டையில் விலங்கியல் படிக்கும் ஒரு பிள்ளை வந்து சீப்ரா மீன் அறுபது வேண்டும், ஆண் முப்பது பெண் முப்பது எனப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டது. என் கடையில் ஒரே ஆள் அறுபது சீப்ரா கேட்டது இதுதான் முதல் தடவை. எதுக்கும்மா என்றால் "வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கு அண்ணாச்சி" என்கிறது. நான் சிரித்துவிட்டேன். அது போன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் எனக்கும் வலிப்பு உண்டு, கடைக்கு வருகிறவர்களில் யாருக்கும் தெரியாது.

ஒன்பது வயதில் குறுக்குத்துறையில் குளிக்கப் போன இடத்தில் படித்துறையிலேயே விழுந்திருக்கிறேன். யாரோ ஒரு சாவிக்கொத்தை என் கையில் திணித்து அழுத்திப் பிடித்தார்களாம், எழுந்து பார்த்தால் உள்ளங்கையில் சாவியின் பல் பல்லாகத் தடம். ஊரே சொன்னது, இரும்பு கொடுத்ததால்தான் நின்றது என்று. இப்போது வால்ப்ரோயேட் மாத்திரை காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, கடைசியாக வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

என் கேள்வி இதுதான். மீனின் மூளை கடுகில் பாதி இருக்குமா? அதை வைத்துக்கொண்டு என் மண்டைக்குள் நடப்பதை எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அப்புறம், என் தொட்டியிலேயே சில மீன் பம்பரம் மாதிரிச் சுற்றிச் சுற்றி மல்லாந்து கிடக்கும், அதெல்லாம் வலிப்பா? அந்தப் பிள்ளை வாங்கிப்போகும் மீனைக் கடைசியில் என்ன செய்வார்கள் என்பதையும் யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை வரும், கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

---

கல்லிடை அப்பளம் எழுதியது:

அண்ணாச்சி, சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, இப்போது பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் இந்த மீன்களோடுதான் குடித்தனம். ஐந்து வருஷமாக வீட்டில் "மீனுக்கு ஊசி போடுற வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உங்கள் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான்.

முதலில் ஒரு விஷயம், அறுபது மீனுக்கும் நேரடியாக வலிப்பு வரவைக்கப் போவதில்லை, அநேகமாக அவை முட்டைக்குத்தான். சோதனை நடப்பது முட்டை பொரித்து வரும் குஞ்சில். ஒரு வாரக் குஞ்சு நாலு மில்லிமீட்டர் இருக்கும், கண்ணாடி மாதிரி உடம்பு, உருப்பெருக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதும் ரத்தம் ஓடுவதும் அப்படியே தெரியும். அந்த வயதில் மூளையில் சுமார் ஒரு இலட்சம் நரம்பணுக்கள். உங்கள் மண்டையில் 8,600 கோடி. கணக்கில் நமக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்த ஒரு இலட்சத்தையும் உயிரோடு இருக்கும்போதே, மண்டையைத் திறக்காமல், ஏறக்குறைய முழுசாகப் பார்த்துவிட முடியும். 2013இல் அமெரிக்காவில் மிஷா ஆரென்ஸும் பிலிப் கெல்லரும் இதைச் செய்துகாட்டினார்கள். அணு வேலை செய்யும்போது ஒளிரும்படி ஒரு புரதத்தை மரபணு வழியாக உள்ளே வைத்துவிட்டு, தாள் மாதிரி மெல்லிய ஒளியை அடுக்கடுக்காகப் பாய்ச்சி, ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்துக்கு ஒரு முறை முழு மூளையையும் படம் பிடித்தார்கள், எண்பது சதவீதத்துக்கும் மேல் அணுக்கள் தனித்தனியாகத் தெரிந்தன. எலியில்கூட இந்த வசதி கிடையாது.

வலிப்பு என்பது என்ன? சாதாரண நேரத்தில் நரம்பணுக்கள் ரதவீதியில் சாயங்காலம் நடமாடும் கூட்டம் மாதிரி, ஆளாளுக்கு ஒரு பேச்சு, ஆளாளுக்கு ஒரு வேகம். வலிப்பில் அதே கூட்டம் ஆனித் தேர் வடத்தைப் பிடித்த மாதிரி ஒரே மூச்சில் இழுக்க ஆரம்பிக்கிறது, அதுவும் யாரும் குரல் கொடுக்காமலே. இப்படிச் சேர்ந்து இழுத்துவிடாமல் தடுக்க மூளையில் ஒரு பிரேக் இருக்கிறது, காபா என்ற இரசாயனம். அது மீனிலும் அதே காபாதான், அது போய் உட்காரும் இடமும் பெரும்பாலும் நம்முடையது மாதிரியேதான். பென்டிலீன்டெட்ரசோல் என்று ஒரு மருந்து அந்தப் பிரேக்கைப் பிடிக்கவிடாது. 2005இல் ஸ்காட் பரபன் குழுவினர் அதைத் தண்ணீரில் கலந்து ஏழு நாள் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். முதலில் பரபரவென்று அதிகமாக நீந்தும், அடுத்து சுழலில் மாட்டிய மாதிரி வட்டமடிக்கும், கடைசியில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, நிலை தவறிப் பக்கவாட்டில் சாயும்.

ஆனால் வெறும் துள்ளலைப் பார்த்து வலிப்பு என்று எழுதிவிட முடியாது, மூளையின் மின்னோட்டத்தையும் பதிய வேண்டும். அதற்குக் குஞ்சு அசையக் கூடாது. மேலப்பாளையத்தில் நோன்பு நேரத்தில் கடல்பாசி காய்ச்சுவார்களே, அதே சரக்குதான், அகார். இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒரு சொட்டு விட்டு அதற்குள் குஞ்சை முதுகு மேலே இருக்கும்படி படுக்கவைப்போம். இறுகுவதற்குள் ஊசி முனையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும், ஏழெட்டு விநாடிதான், பாதி நாள் இதிலேயே போய்விடும். பிறகு முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய் மின்முனையைக் கண்களுக்குப் பின்னால் இருக்கும் பார்வைப் பகுதியில் இறக்கினால் திரையில் கோடு ஓடும். மருந்து போய்ச் சேர்ந்ததும் அந்தக் கோடு குத்துக்குத்தாக எழும்பும். மனிதர்களுக்கு எடுக்கும் இ.இ.ஜி. பார்த்திருக்கிறீர்களா, பார்த்திருந்தால் இதுவும் பழகின முகமாகத்தான் தெரியும்.

உங்கள் தொட்டிப் பம்பரம் பெரும்பாலும் வலிப்பு இல்லை அண்ணாச்சி. காற்றுப்பைக் கோளாறு, அம்மோனியா, குழாய்த் தண்ணீர்க் குளோரின், ஒட்டுண்ணி, இதில் எதுவாகவும் இருக்கலாம். முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

---

மாத்திரை மாடசாமி எழுதியது:

மருந்துக்கடைக்காரன் நான், முப்பது வருஷ அனுபவம். தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

மீன் குஞ்சுக்கு மருந்து கொடுப்பது என்றால் தண்ணீரில் கரைத்து விடுவது. தண்ணீரில் கரையாத மருந்துதான் நிறைய. தோல் வழியாகவும் செவுள் வழியாகவும் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? மனிதன் விழுங்கினால் குடல், ஈரல் எல்லாவற்றையும் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. அப்புறம் துள்ளிக்கொண்டிருந்த குஞ்சு மருந்து போட்டதும் அடங்கிவிட்டது என்றால் அது குணமா, மயக்கமா, சாகக் கிடக்கிறதா? மூன்றும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதானே. பெரிய மூளை வெளிப்புறத்தில் நமக்கு ஆறு அடுக்குப் புறணி இருக்கிறது, மீனுக்கு அது கிடையவே கிடையாது என்று படித்திருக்கிறேன். பெரியவர்களுக்கு அதிகம் வருவது பொட்டுப் பக்கத்து மூளையில் ஆரம்பிக்கும் வலிப்பு, அதை மீனிடம் எப்படித் தேடுவீர்கள்?

நம் நாட்டில் நாடாப்புழு முட்டை மூளையில் போய் உட்கார்ந்து வரும் வலிப்பும் நிறைய. அதற்கு மீன் என்ன பதில் வைத்திருக்கிறது?

மீன்காரர் அண்ணாச்சி, அந்தச் சாவிக்கொத்து விஷயத்துக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதே ஒன்றிரண்டு நிமிஷம். பெயர் இரும்புக்குப் போய்விட்டது. இனி யாருக்காவது வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துண்டை வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

---

கல்லிடை அப்பளம் எழுதியது:

மாடசாமி அண்ணே, புறணி விஷயத்தில் நான் கையைத் தூக்கிவிடுகிறேன். ஆறடுக்குப் புறணி மீனுக்கு இல்லை, அதனால் சில வகை வலிப்பை அதில் தேடுவது வீண் வேலை. நாடாப்புழுவும் அப்படியே, அது எங்கள் தொட்டியில் தீர்கிற காரியம் இல்லை. ஆனால் மரபணுக் கோளாறால் வரும் வலிப்பில் மீன் நன்றாகவே சோறு போடுகிறது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் ஜோடி இருக்கிறது என்று 2013இல் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது தெரிந்தது.

"அடங்கிவிட்டால் குணமா, சாவா" என்று கேட்டீர்களே, அது சரியான கேள்வி, அதற்குப் பதில் நீங்களே சொன்ன சாவிக்கொத்தில் இருக்கிறது. சாவி கொடுத்தால் நின்றது என்பவனிடம் என்ன கேட்க வேண்டும்? சாவி கொடுக்காதவனுக்கு எப்போது நின்றது என்று. படித்துறையில் ஒரே ஒரு பையன் விழுந்தால் அதைக் கேட்க முடியாது. மீனில் முடியும். பல்லாங்குழி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, எட்டுக்குப் பன்னிரண்டு, 96 குழி. குழிக்கு ஒரு குஞ்சு. கொஞ்சம் குழிகளில் மருந்து, கொஞ்சம் குழிகளில் வெறும் தண்ணீர், மேலே கேமரா. ஒரு ஜோடி ஒரே காலையில் இருநூறு முட்டை போடுகிறது, எலியில் இந்தக் கணக்குக்கு எங்கே போவது?

இதை வைத்து நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டிராவே நோய் என்று குழந்தைகளுக்கு வரும் ஒரு கடுமையான வலிப்பு, பெரும்பாலும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணு பழுதானதால் வருவது. நரம்பணுவில் சோடியம் போகும் ஒரு வாசல் அது, முக்கியமாகப் பிரேக் போடும் அணுக்களில் இருக்கும் வாசல். பழுதானால் பிரேக் தளர்ந்துவிடும். அதே மாதிரி பழுதுள்ள மீன் ஒன்று இருக்கிறது. குஞ்சிலேயே தானாக வலிப்பு வரும், மற்றதைவிட உடம்பு கருத்திருக்கும், இரண்டு வாரம் தாண்டாது. 2013இல் பரபன் குழுவினர் அந்தக் குஞ்சுகளில் 320 மருந்துகளைச் சோதித்தார்கள். நீச்சல் அடங்கியது என்பதோடு விடவில்லை, அடங்கினவற்றுக்கு மறுபடி மின்முனை வைத்து மூளைக்குள்ளும் அடங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரி வெறுமனே மயங்கினது, விஷமேறினது எல்லாம் அங்கே கழன்றுவிட்டன. தேறி நின்றது கிளெமிசோல். அது என்ன தெரியுமா, பழைய அலர்ஜி மாத்திரை. அதே மருந்து மனிதர்களிடம் சோதனை வரைக்கும் போயிருக்கிறது. அலர்ஜி மாத்திரைக்குள் வலிப்புக்கு மருந்து இருக்கும் என்று மேசையில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்காவது தோன்றியிருக்குமா?

---

பேட்டை பாரதி எழுதியது:

என்னவே, எல்லாரும் மருந்து மருந்து என்கிறீர்கள். பாவம் அந்த மீன். அதற்கு வலிக்காதா? அண்ணாச்சியின் கடைசிக் கேள்விக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே.

---

கல்லிடை அப்பளம் எழுதியது:

நியாயம், மறந்தே போனேன். முட்டை போடும் தாய் மீன்கள் பிழைத்துக்கொள்ளும், அதே தொட்டியில் வயதாகும்வரை இருக்கும். சோதித்த குஞ்சுகளை அளவு கூட்டின மயக்க மருந்தில் விட்டு முடித்துவிடுவோம், திரும்பத் தொட்டிக்குப் போகாது. ஐரோப்பியச் சட்டப்படி, குஞ்சு தானே இரை தேட ஆரம்பிக்கும் வயதில் இருந்து, அதாவது சுமார் ஐந்து நாளில் இருந்து, அது பாதுகாக்கப்பட்ட பிராணி, அனுமதி இல்லாமல் தொட முடியாது. இங்கேயும் எங்கள் நிறுவனத்தில் நெறிமுறைக் குழுவிடம் எத்தனை மீன், எதற்கு என்று எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். வலிக்குமா என்றால், வலிக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது சில நாள் மனசு கனக்கத்தான் செய்கிறது.

---

தென்காசி சாரல் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், டிராவே என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கு அதுதான். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் முதல் தடவை வந்தது, முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் கார்பமசெபைன் எழுதிக் கொடுத்தார்கள், வாரத்துக்கு இரண்டு என்று இருந்தது ஒரு நாளைக்கு இரண்டு என்று ஆனது. அவர்கள் மேலே எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவுக்குப் போய், மரபணுப் பரிசோதனை எடுத்து, அப்போதுதான் பெயரே தெரிந்தது. அந்த மாத்திரை இந்த நோய்க்கு ஆகவே ஆகாது என்று அங்கே சொன்னார்கள். இப்போது வால்ப்ரோயேட்டும் குளோபசாமும் போகிறது.

வெந்நீரில் குளிப்பாட்டவே பயமாக இருக்கும். சித்திரை வெயிலில் பள்ளிக்கூடத்துக்கு ஈரத்துண்டு கொடுத்து அனுப்புகிறேன். குற்றாலத்தில் சாரல் விழுகிற இரண்டு மாதம்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

தம்பி, மீனுக்கும் சூடு ஆகாதா? என் மகளுக்கு இருக்கும் அதே பழுதை ஒரு மீனில் வைத்து, எந்த மருந்து கேட்கும் என்று அவளுக்கென்று பார்க்க முடியுமா?

---

கல்லிடை அப்பளம் எழுதியது:

அக்கா, சூடு பற்றி நீங்கள் கேட்டது ரொம்பச் சரி. தண்ணீரைச் சட்டென்று சூடாக்கினால் எந்தப் பழுதும் இல்லாத குஞ்சுக்கே மூளையில் வலிப்பு அலை வரும் என்று 2012இல் காட்டியிருக்கிறார்கள், காய்ச்சல் வலிப்பைப் படிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்புறம் டிராவே மீன், மருந்து விஷயத்தில் உங்கள் மகள் மாதிரியேதான், வால்ப்ரோயேட் கேட்டது, டயசெபாம் கேட்டது, கீட்டோ உணவுமுறைக்குச் சமமானதைக் கொடுத்தபோது அதுவும் கேட்டது. 2013 ஆய்வை நம்பத் தோன்றியதற்கு எனக்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது கேள்விக்கு நேராகச் சொல்கிறேன், ஆசை காட்ட மாட்டேன். ஒரு குழந்தையின் பழுதை மீனில் உண்டாக்குவது இன்றைக்கு முடிகிற காரியம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், ஆய்வகத்துக்கு உள்ளேதான், அதில் வரும் பதிலை வைத்து எந்த மருத்துவரும் உங்கள் மகளுக்குச் சீட்டு எழுத மாட்டார். பழுது உண்டா இல்லையா என்று சந்தேகமான மரபணு மாற்றங்களைச் சரிபார்க்கத்தான் அதிகம் உதவுகிறது.

ஃபென்ஃப்ளூரமைன் என்று மருத்துவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உடம்பு இளைக்கக் கொடுத்த மருந்து, இதய வால்வைக் கெடுத்ததால் 1997இல் சந்தையை விட்டே எடுத்தார்கள். பெல்ஜியத்தில் டிராவே பிள்ளைகள் சிலருக்கு அது கேட்பதை மருத்துவர்கள் முன்னாலேயே கவனித்திருந்தார்கள், 2015இல் லூவென் ஆய்வாளர்கள் டிராவே மீனிலும் அது கேட்கிறது என்று காட்டினார்கள், 2020இல் அமெரிக்காவில் டிராவேக்கு அனுமதி கிடைத்தது, இதயத்தை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதில் மீன் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது கதை, முதலில் கண்டது பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர்கள். உங்கள் மகளுக்கு ஆகுமா என்பதை ஸ்ரீ சித்ராவில் கேளுங்கள்.

---

மாத்திரை மாடசாமி எழுதியது:

தம்பி, தண்ணீர் தெளிக்க வந்தவன் நானே நனைந்துவிட்டேன். அந்த நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னாய் பார், அதற்காகவே ஒத்துக்கொள்கிறேன். தாயி, குழந்தை காய்ச்சலுக்கு என் கடையில் கேட்காமல்கூட மருந்து வாங்கிப் போகிறார்கள், நீங்கள் எந்தக் கடையில் எது வாங்கினாலும் நோயின் பெயரை எழுதி வைத்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

---

வண்ணார்பேட்டை மீன்காரன் எழுதியது:

கொடுத்துவிட்டேன் மக்கா. சனிக்கிழமை காலையிலேயே வந்தது. ஆண் ஒல்லியாக வயிற்றில் மஞ்சள் ஓடினது, பெண் வெள்ளி மாதிரி வயிறு உப்பினது, இதுகூடத் தெரியாமல்தான் ஆராய்ச்சிக்குக் கிளம்பியிருக்கிறது. உட்காரவைத்துப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். போட்ட முட்டையைத் தாயே தின்றுவிடும், தொட்டி அடியில் கோலிக்குண்டு பரப்பு, முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும் என்றும் சொல்லி இரண்டு கிலோ கோலி சும்மா கொடுத்தேன். ஹீட்டர் வேண்டும் என்றது, இருபத்தெட்டரை டிகிரி வைக்க வேண்டுமாம். ஏம்மா, இந்த ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் அதைத் தாண்டாமல் இருந்தால் போதாதா என்றேன்.

பத்து நாள் கழித்து நேற்று கல்லூரிக்கே கூப்பிட்டது, காவலாளி விடமாட்டேன் என்று நின்றார், அது ஓடி வந்து "எங்களுக்கு மீன் தந்த அண்ணாச்சி" என்று கூட்டிப்போனது. உருப்பெருக்கியில் பார்த்தேன். தம்பி சொன்னது நிஜம்தான், இதயம் துடிக்கிறது, கண் இரண்டும் கறுப்புப் பொட்டு மாதிரி, நடுவில் மூளை இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி தெளிவாக இருக்கிறது. அப்புறம் அந்தப் பல்லாங்குழித் தட்டை எடுத்து வந்தது. மருந்தை விட்டு மூன்று நிமிஷம் இருக்கும், ஒரு குஞ்சு குழிக்குள் வட்டமடிக்க ஆரம்பித்து, அப்படியே வெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. எனக்குக் கை வியர்த்துவிட்டது. விழும்போது நான் எப்படி இருப்பேன் என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை, பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

கொஞ்சம் நேரம் கழித்து, "இதில் வால்ப்ரோயேட் போட்ட குழி எதும்மா" என்று கேட்டேன். இடது பாதி என்றது. அப்படியானால் வலது பாதிதான் சாவிக்கொத்து வரிசை என்றேன். அது ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்து முழித்தது. இடது பாதியில் முக்கால்வாசிக் குஞ்சு சும்மா நீந்திக்கொண்டிருந்தது, அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், கடையைத் திறக்க மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

பாரதி, அந்த அறுபதில் இரண்டு செத்துவிட்டதாம், மீதி நன்றாக இருக்கிறது. தொட்டித் தண்ணீரை மாற்றியதில் என் பம்பர மீன்களில் மூன்று நிமிர்ந்துவிட்டன, ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஒட்டுண்ணிக்கு என்ன மருந்து போடலாம் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.